பள்ளிக்கூடத்து ஆட்டுக் கொட்டில்

ஹூஸ்டனில் நம்மவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனால், இலையில் பாயசம் விழுவதற்குள் பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடும். ரோபாட்டிக்ஸ், ஸ்பெல்லிங் பீ, கணக்கு டியூஷன், அரங்கேற்றத் தேதி, எஸ்ஏடி மதிப்பெண். என் முறை வந்ததும் நான், "எங்க பொண்ணு ஆடு வளர்க்கிறா" என்பேன். ஒரு நொடி யாருக்கும் பேச்சு வராது. பிறகு யாராவது தயங்கித் தயங்கி, "வீட்டுலயா?" என்பார்கள். இல்லை, பள்ளிக்கூடத்தில். அதற்குப் பிறகு என் வாயை அடைக்க என் கணவராலும் முடியாது. இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகப்போகிறது. நடுநிலை வேண்டுவோர் இப்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

டெக்சஸ் புறநகர்ப் பள்ளி எங்களுடையது. கால்பந்து மைதானத்தைத் தாண்டி, மஞ்சள் பேருந்துகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை இருக்கிறது. உள்ளே வரிசையாகக் கம்பி அடைப்புகள். வெள்ளாடு, செம்மறி, பன்றி, முயல், கோழி, கடைக்கோடியில் காளைக்கன்றுகள். 'ஆக் பார்ன்' என்பார்கள். எங்கள் தெருவில் நாலு கோழி வளர்க்கக்கூட வீட்டு உரிமையாளர் சங்கம் விடாது. அப்படிப்பட்ட தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்காகவே பள்ளி நிர்வாகம் இதைக் கட்டி வைத்திருக்கிறது. விடிவதற்கு முன் அந்தக் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். செல்போனைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காது என்று நாம் முடிவு கட்டிவிட்ட வயதுப் பிள்ளைகள், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சாணி அள்ளிக்கொண்டிருப்பார்கள். யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

இதற்கெல்லாம் பின்னால் இருப்பது எஃப்எஃப்ஏ. 1917இல் ஸ்மித்-ஹ்யூஸ் சட்டம் வந்து, உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயம் கற்றுக்கொடுக்க அமெரிக்க மத்திய அரசு பணம் ஒதுக்கியது. அந்த வகுப்புகளில் படித்த பையன்களைச் சேர்த்து 1928இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியதுதான் 'அமெரிக்காவின் எதிர்கால விவசாயிகள்' என்ற சங்கம். 1988இல் அந்த நீளப் பெயரைக் கைவிட்டு, 'தேசிய எஃப்எஃப்ஏ அமைப்பு' என்று மாற்றிக்கொண்டார்கள். ஏனென்றால் அதற்குள் நகரத்துப் பிள்ளைகளும், விஞ்ஞானம் படிக்கப்போகிறவர்களும், வயலையே பார்க்காதவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். சிகாகோ நகரத்துக்குள்ளேயே வேளாண் அறிவியலுக்கென்று 1985இல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். அங்கே படித்த கோரி ஃப்ளோர்னாய் என்ற கறுப்பின இளைஞர் 1994இல் தேசியத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று உறுப்பினர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாநிலக் கிளைகளில் பெரியது எங்கள் டெக்சஸ்தான். இதைச் சொல்லும்போது எனக்கு ஏன் நெஞ்சு நிமிர்கிறது என்று கேட்காதீர்கள்.

சும்மா பெயர் கொடுத்துச் சேர்ந்துவிட முடியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வேளாண் பாடம் ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். வகுப்புக்கு வெளியே சொந்தமாக ஒரு திட்டத்தைக் கையில் எடுத்து நடத்த வேண்டும். ஆடு வளர்க்கலாம், பூந்தொட்டி விற்கலாம், வெல்டிங் செய்யலாம், ஒரு கடையில் வேலைக்குப் போகலாம், மண் பரிசோதனை செய்யலாம். ஆனால் வரவு செலவு எழுத வேண்டும். மூன்றாவதாகத்தான் சங்கம், கூட்டம், போட்டி, நீலச் சட்டை எல்லாம்.

என் மகள் இதற்குள் வந்தது லட்சியத்தால் அல்ல. ஒன்பதாம் வகுப்பில் அவள் கேட்ட பாடத்தில் இடமில்லை. கால அட்டவணையில் ஓட்டை விழுந்த இடத்தில் வேளாண்மை வந்து உட்கார்ந்தது. "மாத்திக் கேட்கலாமா?" என்றேன். "ரெண்டு வாரம் பாக்கறேம்மா" என்றாள். இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்து, "ஆடு வாங்கித் தருவீங்களா?" என்றாள். அவளுடைய அப்பா மென்பொருள்காரர். "பூனை வாங்கலாமே" என்று பேரம் பேசினார்.

வாங்கினோம். போயர் இனக் கிடாக்குட்டி. வெள்ளை உடம்பு, செங்கபிலத் தலை, தொங்கிய காது. காயடித்தது. கறிக்காக வளர்க்கும் ஆட்டுக்குப் பெயர் வைக்காதீர்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இவள் அன்று சாயங்காலமே 'பக்கோடா' என்று வைத்துவிட்டாள்.

பக்கோடாவுக்கு நாளுக்கு இரண்டு வேளைத் தீவனம். இவ்வளவு என்று கண்ணால் பார்த்துப் போடக்கூடாது, தராசில் நிறுத்துப் போட வேண்டும். தானியத் தீவனம் அதிகமாகத் தின்னும் காயடித்த கிடாவுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத் தீவனத்தில் அம்மோனியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள், சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் வேதியியல் என்றாலே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த பெண். தீவன மூட்டையின் பின்பக்கச் சீட்டை மளிகைக் கடையில் நின்றபடி போனில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண் பார்ப்பது தனிக் கலை. பக்கோடாவின் தலையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். மேல் இமையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, கீழிமையை மற்றக் கட்டைவிரலால் இழுப்பாள். உள்சதை ஒரு கணம் பிதுங்கித் தெரியும். அதன் நிறத்தை ஓர் அட்டையோடு ஒட்டிப் பார்ப்பாள். அட்டையில் ஐந்து நிறம், நல்ல சிவப்பிலிருந்து காகித வெளுப்பு வரை. தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்த முறை, 'ஃபமாச்சா' என்று பெயர். எங்கள் வளைகுடாக் கரையோர ஈரக்காற்றில் ஆட்டின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு செழித்து வளரும். எல்லா ஆட்டுக்கும் நாள் குறித்து மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் புழுவுக்கு மருந்து பழகிப்போகும். அதனால் வெளுத்த கண்ணுக்கு மட்டும் மருந்து. பதினான்கு வயதில் 'மருந்தை எப்போது கொடுக்கக்கூடாது' என்று தெரிந்துகொண்டவள் அவள்.

மானாமதுரைப் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் இதைக் காட்டினாள். அம்மா காலமெல்லாம் வெள்ளாட்டோடு வாழ்ந்தவர்.

"அட்டை எதுக்குத்தா? வெளுத்திருக்கா செவந்திருக்கான்னு கண்ணுக்குத் தெரியாதா?"

"அளவு தெரியணும் அம்மாச்சி. மூணா நாலான்னு எழுதி வைக்கணும்."

"எழுதி வச்சு ஆட்டுக்குப் படிச்சுக் காட்டப்போறியா?" என்று சிரித்தவர், அடுத்த நாளிலிருந்து எனக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடத் தொடங்கினார். எத்தனையோ கோடை விடுமுறைகளில் நான் முயன்றும் வராத தமிழ், அகத்திக் கீரை, துவரம் பொட்டு, கழிச்சல், அசைபோடுதல் வழியாக என் மகளுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் மன்னிக்க வேண்டும், ஓர் ஆடு உங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆடு இருக்கட்டும், கூட்டத்துக்கு வருகிறேன். என்னை முழுசாகக் கவிழ்த்தது அதுதான்.

மாதக் கூட்டம் பள்ளி உணவுக்கூடத்தில் நடக்கும். பெற்றோர்கள் பின்வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது. எத்தனை நல்ல விதி! மேடையில் நீல கார்டுராய் சட்டை போட்ட பிள்ளைகள், கழுத்து வரை ஜிப்பை ஏற்றியிருப்பார்கள். 1933இல் ஒஹாயோவின் ஃப்ரெடெரிக்டவுன் பையன்கள் போட்டுக்கொண்டு மாநாட்டுக்குப் போக, எல்லாருக்கும் பிடித்துப்போய்ச் சீருடையாகிவிட்ட சட்டை அது. டெக்சஸ் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது தவம்தான், ஆனால் ஒரு பிள்ளையும் கழற்றாது. ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஓர் இடம், ஓர் அடையாளம். தலைவருக்கு உதயசூரியன். துணைத் தலைவருக்கு ஏர். செயலாளருக்குச் சோளக் கதிர். பொருளாளருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் படம், ஏனென்றால் அவர் தம் பண்ணைக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தவராம். ஆலோசகரான ஆசிரியருக்கு ஆந்தை. கதவருகே ஒரு பிள்ளை வாயில் காவலராக நின்று, வருகிறவர்களை வரவேற்கும். ஒவ்வொருவரும் எழுந்து தன் இடம் என்ன, ஏன் அங்கே என்று மனப்பாடமாகச் சொன்ன பிறகுதான் கூட்டம் தொடங்கும். முதல் தடவை பார்த்தபோது நாடகம் என்று நினைத்தேன். அடுத்த தடவை பூஜை என்று பட்டது. இப்போது அது இல்லாத கூட்டத்துக்குப் போனால் எனக்குக் கை நடுங்குகிறது.

தலைவர் கையில் மரச் சுத்தி. இரண்டு தட்டு தட்டினால் கூட்டம் தொடக்கம். மூன்று தட்டினால் எல்லாரும் ஒருசேர எழ வேண்டும். ஒரு தட்டு, உட்காரலாம், அல்லது எடுத்த விஷயம் முடிந்தது. அன்றைக்குப் பேச்சு, பூச்செடி விற்பனையில் மீந்த பணத்தைப் பற்றி. ஊர் உணவு வங்கிக்கு முழுவதையும் கொடுக்கலாம் என்று ஒரு பெண் தீர்மானம் கொண்டுவந்தாள். இன்னொரு பையன் வழிமொழிந்தான். உடனே பின்னாலிருந்து ஒரு குரல் திருத்தம் கேட்டது. நீலச் சட்டை வாங்க முடியாத புதிய உறுப்பினர்கள் சிலர் இருக்கிறார்கள், பாதியை அதற்கு ஒதுக்க வேண்டும் என்றது. திருத்தத்தின் மேல் வாதம். ஒருவன் பேசி முடித்துவிட்டு மறுபடி எழுந்தான். "இன்னும் பேசாதவர்களுக்கு முதலில் வாய்ப்பு" என்று தலைவி சிரிக்காமல் சொன்னாள். ஒருவன் பொறுமையிழந்து, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றான். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று செயலாளர் நினைவூட்டினாள். எண்ணினார்கள். வந்துவிட்டது. திருத்தம் சில வாக்குகளில் நிறைவேறியது. தோற்ற பெண் அடுத்த நிமிடமே உணவு வங்கிக்கு வண்டி ஓட்டிப் போகத் தன் பெயரைக் கொடுத்தாள். ஒரு தட்டு.

நான் தமிழ்ச் சங்கப் பொதுக்குழுக்களைப் பார்த்து வளர்ந்தவள். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. சென்ற ஆண்டுக் கணக்கு படிக்கத் தொடங்கினால் மைக்கைப் பிடுங்குவதில் முடியும். இங்கே பதினைந்து வயதுப் பிள்ளைகள் சண்டை போடுவதற்கு ஒரு வழிமுறை கற்றுவைத்திருக்கிறார்கள். தலைமைப் பண்பு, தலைமைப் பண்பு என்று இங்கே பயிற்சி முகாம்களுக்கு டாலர் டாலராகக் கட்டுகிறோமே, அங்கே யார் கையிலாவது நிஜமான பணத்தைக் கொடுத்து, நிஜமான வாக்கெடுப்பில் தோற்கவிட்டுப் பார்த்திருக்கிறோமா? எஃப்எஃப்ஏ செய்வதெல்லாம் இவ்வளவுதான்: உயிருள்ள ஒன்றையும், செலவாகும் பணத்தையும், மரச் சுத்தியையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளை நம்பிக் காரியத்தை ஒப்படைக்கும் இந்தப் புத்தி எஃப்எஃப்ஏவுக்கும் முந்தியது. 1902இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார், 4-எச் என்ற பிள்ளைகள் அமைப்பின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். எங்கள் டெக்சஸில் 1908இல் ஜாக் கவுண்டியில் டாம் மார்க்ஸ் பையன்களைச் சேர்த்துச் சோளச் சங்கம் வைத்தார். காரணம் சுவையானது. பல்கலைக்கழகத்து ஆட்கள் புது விதை, புது உழவுமுறை என்று சொன்னால் வயதில் பெரிய விவசாயிகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. சரி, பையனிடம் கொடுப்போம் என்று ஒரு துண்டு நிலத்தில் அவனைப் பயிரிட வைத்தார்கள். 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கும் மேல் மக்காச்சோளம் எடுத்துக் காட்டினான். மகன் வயலையும் தன் வயலையும் மாறி மாறிப் பார்த்த அப்பாக்களுக்கு வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை. அதே ஆண்டு அதே மாநிலத்தின் எய்க்கன் கவுண்டியில் மேரி க்ரோமர் என்ற ஆசிரியை, பையன்களுக்கு மட்டும்தானா என்று கேட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்று, பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணின் கையில் சொந்தப் பணம்! மேரி க்ரோமரின் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எஃப்எஃப்ஏ பையன்களுக்கென்றே தொடங்கியது, பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்க 1969 வரை ஆனது. 1982இல் ஜான் எபர்லி முதல் பெண் தேசியத் தலைவர் ஆனார். எங்கள் கொட்டகையில் இப்போது எண்ணினால் பெண்பிள்ளைகள்தான் அதிகம், பூட்ஸில் பூப்போட்டிருக்கும். இன்னொரு கதை இவ்வளவு இனிமையானது அல்ல. பள்ளிகள் நிறத்தால் பிரிந்து கிடந்த தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா, 1935இல் அலபாமாவின் டஸ்கிகீயில் தேசிய அமைப்பாக உருவெடுத்தது. கறுப்பும் பொன்னிறமும் அதன் நிறங்கள், சின்னத்தில் பருத்திக் காய். 1965இல் எஃப்எஃப்ஏவோடு இணைத்தார்கள். இணைத்தார்கள் என்பது மரியாதையான சொல். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், அவர்களுடைய சட்டையும் சின்னமும் பதவிகளும் வந்து சேரவில்லை. கறுப்பினப் பெண் ஒருவர் தேசியத் தலைவராக 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரியானா ஹோல்பர்ட், கலிஃபோர்னியாக்காரர். என் மகளுடைய ஆசிரியர் இதை மறைக்காமல் முதல் மாதமே வகுப்பில் பாடமாக எடுத்தார். அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை கூடியது அன்றுதான்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேளாண் ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை என்பது பேச்சுக்குத்தான். பிக்கப் டிரக், பின்னால் டிரெய்லர், டாஷ்போர்டில் ஊசி மருந்து, ரசீது, பாதி தின்ற டாக்கோ. ராத்திரி பதினொன்றுக்கு 'ஆடு வயிறு ஊதியிருக்கு சார்' என்று செய்தி போனால் பதில் வரும். பிள்ளைக்கே பதில் வரும், பெற்றோருக்கு அல்ல. அதிலும் அவர் கறார்.

ஊருக்குச் செய்வது என்றால் என்ன என்பதை ஒரு சனிக்கிழமை பார்த்தேன். ஆண்டுதோறும் எங்கள் கிளை, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டிக் கால்நடைக் கண்காட்சி நடத்துகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் துணையாக ஓர் எஃப்எஃப்ஏ உறுப்பினர். நிஜ வளையம், மரத்தூள் தரை, மைக் பிடித்த நடுவர், எல்லாருக்கும் ரிப்பன். என் மகளுக்கு ஜோடியாக வந்தவன் எட்டு வயதுப் பையன், பேச்சு கிடையாது, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். அவனுக்காக மைக்கை அணைக்கச் சொன்னாள். முதலில் கழுத்துப் பட்டையை அவன் தொடவேயில்லை. இவள் அவசரப்படுத்தவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கோடா தன் வழக்கப்படி அவன் சட்டைப் பொத்தானைத் தின்னப் பார்த்தது. அவன் சிரித்தான். அப்புறம் பட்டையை அவன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி வந்தார்கள். நடுவர் முழங்காலிட்டு ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்து, உண்மையான போட்டியில் கேட்பதுபோல் அவனிடம் கேள்வி கேட்டார். பதிலுக்கு அவன் ஆட்டின் காதைத் தூக்கிக் காட்டினான். "நல்ல காது" என்று குறித்துக்கொண்டார். அவனுடைய அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கைக்குட்டை கொண்டுவரவில்லை.

பெரிய இடர் வரும்போது இந்தப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதற்கு இங்கே நிறையக் கதைகள் உண்டு. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது கொட்டகைகளிலிருந்து கால்நடைகளை டிரெய்லர் டிரெய்லராக மேட்டு நிலத்துக்கு ஏற்றியதை மூத்த பெற்றோர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கான்சாஸின் ஆஷ்லாண்ட் வட்டாரத்தில் புல்வெளித் தீ பரவியபோது, தாய் மாட்டை இழந்த கன்றுகளை 4-எச் குடும்பங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றின. கன்றுக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை பால், எந்தச் சூட்டில் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது கண்காட்சிக்கு வருகிறேன். இங்கே கறி ஆட்டுக்குக் காது வில்லை போட்டு, மாநிலப் பதிவில் முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். காட்டும் பிள்ளை 'குவாலிட்டி கவுண்ட்ஸ்' என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அதில் பாடம். பால்பல் விழுந்திருந்தால் ஆட்டுக்குப் போட்டியில் இடமில்லை. முந்தின நாள் பக்கோடாவைக் குளிப்பாட்டி, உடம்பு மயிரை ஒட்டக் கத்தரித்தாள். வளையத்தில் ஆட்டின் மார்பைத் தன் காலோடு அழுத்திப் பிடித்து நிற்க வேண்டும். ஆடு எதிர்த்துத் தள்ளும்போது முதுகும் தொடையும் இறுகும். நடுவர் விரல்களால் விலாவையும் இடுப்பையும் அளந்து பார்ப்பார். அப்போது ஆட்டைப் பார்க்காமல் நடுவர் கண்ணைப் பார்க்க வேண்டும். இதை என் மகள் எங்கள் வரவேற்பறைச் சோபாவோடு பயிற்சி செய்தாள்.

வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "குளிப்பாட்டி, சீவி, கழுத்துல பட்டை கட்டி... நேந்துவிட்ட கிடா மாதிரில்லடி நிக்குது" என்றார். அவ்வளவுதான், எனக்குள் ஏதோ உட்கார்ந்தது. எங்கள் ஊரில் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பிள்ளைகள்தான் மேய்ப்போம், கீரை பறித்துப் போடுவோம். அந்த நாள் வரும் என்று எங்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் கொஞ்சினோம். ஏலம் முடிந்த பிறகு லாரி வரும் என்பது என் மகளுக்கும் முதல் நாளிலிருந்து தெரியும். தெரியாமல் யாரும் இதில் இறங்குவதில்லை, ஆசிரியர் இறங்க விடுவதில்லை. பக்கோடா தன் எடைப் பிரிவில் ஏலத்துக்குத் தகுதி பெறும் இடங்களில் கடைசிக்கு முந்தினதில் நின்றது. உள்ளூர் பல் மருத்துவர் ஒருவர் சந்தை விலைக்கு மேல் கொடுத்து எடுத்தார். லாரியில் அவளே ஏற்றினாள், வேறு யாரையும் தொட விடவில்லை. நாலு நாள் வீட்டில் ஆட்டுக்கறி கிடையாது. ஐந்தாம் நாள் அவளே, "கறி எங்கேருந்து வருதுன்னு தெரியாம சாப்பிடறதுக்கு, தெரிஞ்சு சாப்பிடறது பரவாயில்ல" என்று தட்டை நீட்டினாள். சைவக் குடும்பத்துத் தோழி ஒருத்தி இதே கொட்டகையில் முட்டைக்கோழி வளர்க்கிறாள், இன்னொருத்தி மண் ஆய்வுக் குழுவில் இருக்கிறாள். ஆளுயரக் குழியில் இறங்கி, களிமண்ணை ஈரமாக்கி விரலிடையில் நாடாவாக நீட்டி, எவ்வளவு நீளத்தில் அறுகிறது என்று பார்த்து மண்வகையைச் சொல்வாள். கறிதான் தடை என்றால், தடை இல்லை.

பல் மருத்துவருக்கு இவள் கைப்பட நன்றிக் கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதுவும் விதிதான்.

கணக்குப் புத்தகத்தையும் பார்த்துவிடுங்கள். ஆட்டின் விலை, தீவனம், மருந்து, கொட்டகைக் கட்டணம், பெட்ரோல் என்று எல்லாம் எழுதி, ஏலப் பணத்திலிருந்து கழித்தால் லாபம் வந்ததா? சொற்பம். அவளுடைய உழைப்பு நேரத்தைச் சேர்த்தால் நஷ்டம் என்று அவளே சிவப்பில் எழுதியிருந்தாள். பணம் படைத்த வீட்டுப் பிள்ளைகள் விலையுயர்ந்த குட்டியும், கூலிக்கு அலங்கரிக்கும் ஆளுமாக வருவதும் இங்கே நடக்கிறது. பெரிய கண்காட்சிகளில் முதல் பரிசு மாடுகளின் ஏலத்தொகையைக் கேட்டால் தலை சுற்றும். எனக்கு அது பிடிக்கவில்லை, என் மகளுக்கு அறவே பிடிக்கவில்லை. புது உறுப்பினர்கள் கடனாக எடுத்து வளர்க்கக் கிளையின் செலவில் சில குட்டிகள் வாங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வழிமொழிய ஆள் பிடித்துவிட்டாளாம். செயலாளர் பதவிக்கும் நிற்கிறாள். கண்ணாடி முன் சோளக் கதிர் வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்வரிசையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் எனக்கு வைத்த சோதனை.

வசந்த காலத்தில் அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வுப் படிவம் உங்கள் வீட்டுக்கும் வரும். வேளாண்மை, உணவு, இயற்கை வளங்கள் என்று ஒரு வரி இருக்கும், கண்ணில் படாத இடத்தில் போட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தால் உங்கள் கவுண்டி விரிவாக்க அலுவலகத்தில் 4-எச் என்று கேளுங்கள், மூன்றாம் வகுப்பிலிருந்து முழுதாகச் சேர்த்துக்கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் ஏதாவது விசேஷத்தில் என்னைப் பிடியுங்கள். காரில் வெள்ளைத் தோல் இருக்கை போட்டிருக்கிறீர்கள் என்றால், ஆடு வாங்குவதற்கு முன்பே பிடியுங்கள்.